அளத்துக்கு வந்த நிறங்கள்

வேல்கனியின் நிறம் முதன்முதலாக வேலைக்கு வந்தது பங்குனி மாதத்தில், பாத்திகளில் உப்பு நன்றாக விளைந்து, வாருவதற்கு ஆள் போதாமல், கங்காணி சுயம்பு எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதனால் அவர் அதைப் பார்த்து நீ யார் என்றோ இது என்ன என்றோ கேட்கவில்லை. "ஏன் இவ்வளவு நேரம்?" என்றுதான் கேட்டார். அவர் ஒரு வாருபலகையை அதன் பக்கமாகத் தள்ளிவிட்டார். அது எடுத்துக்கொண்டு ஏழாவது பாத்தியில் இறங்கியது.

ஒரு பெண்ணின் உயரம், ஒரு பெண்ணின் உடல்வாகு, தலை முதல் கால் வரை ஒரே கருப்பட்டி நிறம். கண்ணும் மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் மேடும் பள்ளமும் இருந்தன, கண்ணும் மூக்கும் வாயும் இல்லை. வெயில் அதன் மேல் விழுந்தது, ஆனால் தரையில் அதற்கு நிழல் விழவில்லை. யாருடையது என்று நாங்கள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் சின்ன வயதில் உப்புப் பொருக்கு கிழித்த இடதுகாலைக் கொஞ்சம் தள்ளி வைத்து நடக்கிற பெண் எங்கள் அளத்தில் ஒருத்திதான் உண்டு, அவள் கல்யாணப் பேச்சு நடப்பதால் வெயில் படக்கூடாதென்று ஒன்றரை மாதமாக வீட்டுக்குள் இருந்தாள். அவளுடைய அம்மா சந்தனக்கனி மூன்று பாத்தி தள்ளி நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

"எம் மவ வீட்லதான் படுத்திருக்கா" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"நாங்க ஒண்ணுங் கேக்கலியே யக்கா" என்றாள் தங்கபுஷ்பம்.

நான் உலகம்மாள். பதினெட்டு வருஷமாகப் பெரியளத்தில் உப்பு வாருகிறேன். நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் அந்த டப்பாவில் நானும் விரல் விட்டவள்தான்.

டப்பா வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சந்தனக்கனிக்குப் புருஷன் இல்லை, வேல்கனி ஒரே பிள்ளை. தை மாதம் அவளைப் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருத்தர் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "போட்டோல பிள்ள வெளுப்பா இருந்துச்சே" என்று சொல்லிவிட்டு, கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தப் பாதிக் கேசரியை சந்தனக்கனி இரண்டு நாள் எடுத்துக் கொட்டாமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் தூத்துக்குடிக்கு பஸ் ஏறி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேன்சி கடையில் அந்த வெளுப்புக் கிரீம் டப்பாவை வாங்கி வந்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற டப்பா, பச்சை மூடி, மூடியில் நிலா போல ஒரு பெண் முகம், சுற்றிலும் எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. எந்த ஊரில் செய்தது, என்ன போட்டுச் செய்தது என்று ஒரு வரி புரியாது. நல்லெண்ணெய் வாங்கினால் முகர்ந்து பார்ப்போம், கருவாடு வாங்கினால் அமுக்கிப் பார்ப்போம், கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று காம்பைத் திருப்பிப் பார்ப்போம். முகத்தில் பூசுவதை மட்டும் படிக்க முடியாத எழுத்து இருக்கிறதே, அப்படியென்றால் உசந்த சாமானாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். எங்களை என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

ஒரு மாதத்தில் வேல்கனி முகம் பால் நிறத்துக்கு வந்துவிட்டது. ஏரலிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது, பார்த்தார்கள், கேசரியை வழித்துத் தின்றார்கள், ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம். காலை பத்து மணி வாக்கில் கஞ்சிக்கு உட்காரும்போது வட்டமாக உட்காருவோம், யார் வீட்டிலிருந்து எது வந்திருந்தாலும் அதை வட்டத்தின் நடுவில் வைத்துவிட வேண்டும். ஊறுகாயோ, சுட்ட கருவாடோ, நாலு சின்ன வெங்காயமோ, தலைவலித் தைலமோ, எதுவானாலும் நடுவில் வைத்தால் அது எல்லோருக்கும். தனக்கென்று முந்தானையில் ஒளித்துத் தின்கிறவள் பக்கத்தில் அடுத்த நாள் யாரும் உட்கார மாட்டார்கள். வெயிலில் ஒன்றாக வேகிறவர்களுக்கு அந்த ஒரு மரியாதைதான் மிச்சம். வேல்கனி முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்டபோது சந்தனக்கனி ஒளிக்கவில்லை. மறுநாளே புதுசாக ஒரு டப்பா வாங்கி வந்து, ஊறுகாய்க்குப் பக்கத்தில், வட்டத்தின் நடுவில் வைத்தாள்.

"எல்லாரும் எடுத்துக்கிடுங்க" என்றாள்.

முதலில் கை நீட்டியது தங்கபுஷ்பம். எங்களில் அவள்தான் சின்னவள், இருபத்தாறு வயசு, அளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற சேர்மத்துரைக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. இரண்டு விரலால் தொட்டு, நெற்றியில் ஒன்று, கன்னத்தில் இரண்டு, நாடியில் ஒன்று என்று புள்ளி வைத்து, மேல்நோக்கி வட்டமாகத் தேய்த்துவிட்டு, "எப்படிட்டி இருக்கேன்?" என்று கேட்டாள். "உப்பு அம்பாரத்துல போயி நின்னா கண்டுபிடிக்க முடியாது" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம்.

சித்திரை முடிவதற்குள் பதினோரு நிறங்கள் வேலைக்கு வந்தன. புளி நிறத்தில் ஒன்று, வெந்த செங்கல் நிறத்தில் ஒன்று, மழைக்கு முந்தின மேகத்தின் நிறத்தில் ஒன்று, ஒவ்வொன்றும் அதனதன் உடையவளின் நடையோடு, கூனோடு, தலையைச் சொறிகிற பழக்கத்தோடு வந்தது. செங்கல் நிறம் என்னுடையது. என் முதுகை நானே பின்னாலிருந்து பார்த்தது அன்றுதான். அழகாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

ஊர் அவற்றுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. எங்கள் ஊர் எதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. கங்காணிக்குத்தான் ரொம்ப சந்தோஷம், ஏனென்றால் நிறங்கள் கஞ்சி கேட்கவில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்கவில்லை, கால் வெடித்திருக்கிறது, கண் கூசுகிறது என்று முணுமுணுக்கவில்லை. "நீங்களுந்தான் இருக்கியளே, அதுகளைப் பாத்துப் படிங்க" என்று எங்களுக்கே புத்தி சொன்னார். மினி பஸ் கண்டக்டர் முதலில் நிறங்களுக்கு டிக்கெட் போடலாமா என்று டிரைவரிடம் கேட்டார், டிரைவர் யோசித்துவிட்டு, சீட்டில் உட்கார்ந்தால் போடு, நின்றால் வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார், நிறங்கள் ஒருநாளும் உட்காரவில்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவையும் வந்து பந்தலுக்கு வெளியே வரிசையாக நின்றன. பூசாரி விபூதி கொடுக்கலாமா கூடாதா என்று ரொம்ப நேரம் தவித்துவிட்டு, கடைசியில் அம்மன் பெற்ற பிள்ளைகள்தானே என்று பூசிவிட்டார். விபூதி ஒட்டாமல் அப்படியே உதிர்ந்தது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த வாத்தியார்கூட ஒரு நிறத்திடம் பேர் கேட்டுவிட்டு, பதில் வராததால் வீடு பூட்டியிருந்தது என்று எழுதிக்கொண்டு போனார்.

நாங்கள் வெளுத்த முகத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டோம். மூக்குத்தி எடுத்துக் காட்டுகிறது என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டோம். வெயிலில் நின்றால் முகம் தீயாக எரிந்தது, அதற்கென்ன, அழகு என்றால் சும்மாவா என்று விட்டுவிட்டோம்.

ஆனால் சாயந்தரம் ஒன்று நடந்தது, அதைப் பற்றி மட்டும் நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை. வேலை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தால் நிறங்களும் பின்னாலேயே வரும். உள்ளே வராது. விளக்கு வைக்கிற நேரத்தில் அவரவர் வாசலில், வீட்டுச் சுவரைப் பார்த்தபடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஆஸ்பத்திரியில் உள்ளே போனவர்கள் வெளியே வரும்வரை காத்துக்கொண்டிருப்பவர்களைப் போல நிற்கும். நாய் குரைக்காது. நான் அடுப்பில் உலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் இருப்பேன். பார்க்காவிட்டாலும் முதுகில் தெரியும்.

வைகாசியில் தங்கபுஷ்பத்துக்குக் கண்ணிரப்பை வீங்கியது. சரியாகத் தூங்கவில்லை என்றாள். பிறகு கால் வீங்கியது, விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. உப்பில் நிற்கிற காலுக்கு வீக்கம் வராமலா இருக்கும் என்றோம். பிறகு கொலுசு போட முடியாமல் போனது, மூத்திரம் சோப்பு நுரை போலப் போகிறது என்று என் காதில் மட்டும் சொன்னாள், முகம் ஊதி, வெள்ளையாக, அந்த டப்பா மூடியில் இருக்கிற முகத்தைப் போலவே ஆகிவிட்டது. ஊருக்குள் இருந்த டாக்டர் ஒரு ஊசி போட்டார், இன்னொருத்தர் இரண்டு ஊசி போட்டார், சேர்மத்துரை அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். உப்பே ஆகாது, தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். உப்பளத்துக்காரிக்கு உப்பு ஆகாது என்று சொன்னதைக் கேட்டு அவள் சிரித்தாளாம். கடைசி நாலு நாளும் "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய்" என்று தண்ணீருக்கு ஏங்கியே போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் தங்கபுஷ்பத்தின் நிறம், புளி நிறம், எப்போதும் போல வேலைக்கு வந்தது. அவளுடைய பாத்தியில் இறங்கி உப்பு வாரியது. சேர்மத்துரை லாரியின் மேலே மூட்டையோடு நின்றவன் அதைப் பார்த்தான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து, அதன் எதிரே நின்று, "புஷ்பம்" என்றான். அது பலகையை இழுத்துக்கொண்டு அவனைச் சுற்றிப் போனது.

எங்களில் யாரும் டப்பாவையும் அவள் சாவையும் சேர்த்து நினைக்கவில்லை, அல்லது நினைத்தவள் வாயைத் திறக்கவில்லை. சந்தனக்கனி நினைத்தாள். அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். நினைத்ததை, பானையைக் கவிழ்த்து மூடுவதைப் போல மூடி வைத்தாள். ஏனென்றால் ஆவணிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது, தினமும் பூசாவிட்டால் கறுத்துவிடும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான், கறுத்தால் ஏரல்காரர்கள் கேசரியைப் பாதியில் வைப்பார்கள்.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் வேல்கனி காலையில் எழுந்தபோது திறக்க முடியாமல் கண்ணிரப்பை வீங்கியிருந்தது.

அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள் சந்தனக்கனி. கூட நானும் போனேன். டாக்டரம்மா ஒல்லியாக, தூக்கம் கெட்ட கண்ணோடு இருந்தார். கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார், மூத்திரம் பரிசோதிக்கச் சொன்னார், சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாளா? வலி மாத்திரை? முகத்துக்கு ஏதாவது பூசுறாளா?"

"மஞ்சளும் பயத்தமாவும் மட்டுந்தாம்மா" என்றாள் சந்தனக்கனி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, பெற்றவள் சொல்லும்போது நாம் யார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அவள் குறைக்கவில்லை, ஒரேயடியாக நிறுத்தினாள். உப்பு ஜாடியைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்தாள், கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், அளத்திலிருந்து வந்ததும் வாசலிலேயே தலையோடு குளித்து, சேலை மடிப்பில் ஒரு கல் உப்பு இருந்தாலும் உதறிவிட்டுத்தான் மகளிடம் போனாள். தானும் உப்பில்லாமல் தின்றாள். அத்தனையும் செய்துவிட்டு, சாயந்தரம் அந்தப் பச்சை மூடியைத் திறந்து மகள் கையில் கொடுத்தாள். வேல்கனியும் மாட்டேன் என்று சொல்லவில்லை. வீங்கிய விரலால் தொட்டு, நெற்றியில் ஒன்று, கன்னத்தில் இரண்டு, நாடியில் ஒன்று.

"எம்மா, புஷ்பம் மைனிக்கும் இப்படித்தான இருந்துச்சு?" என்று ஒருநாள் கேட்டாளாம்.

"அவளுக்கு வேற. நீ பூசு" என்றாளாம் இவள்.

வாசலில் வேல்கனியின் நிறம் நின்றுகொண்டிருந்தது. பெண் வீங்க வீங்க, நிறம் மினுமினுவென்று, எண்ணெய் தேய்த்துக் குளித்ததைப் போல வளர்ந்துகொண்டிருந்தது.

ஆடிப் பதினெட்டு கழிந்த பிறகு வேல்கனிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மறுபடியும் பெரியாஸ்பத்திரி. இந்த முறை மினி பஸ்ஸில் நாங்கள் ஏறியபோது அவளுடைய நிறமும் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரிப் படியேறி, வராந்தாவில் நடந்து, கட்டிலுக்கு அந்தப் பக்கமாக வந்து நின்றது. ஒருநாளும் எந்த வீட்டு நிலைப்படியையும் தாண்டாத நிறம் அன்றைக்குத் தாண்டியது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்து, "ஒரு பேஷண்டுக்கு ஒரு ஆள்தான். இத்தனை பேரு நிக்கக் கூடாது" என்றாள். நான் வெளியே போய்க் கதவோரம் நின்றுகொண்டேன். நிறம் போகவில்லை.

டாக்டரம்மா வந்தார். சீட்டைப் பார்த்தார். "சிறுநீரகம் இவ்வளவு மோசமாப் போனதுக்குக் காரணமே தெரியலையே. நான் கேட்டதுக்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னீங்களாம்மா?" என்றார்.

"சத்தியமா" என்றாள் சந்தனக்கனி.

அப்போது நிறம் கையைத் தூக்கியது. இரண்டு விரலை இடது உள்ளங்கையில் தொட்டது. நெற்றியில் ஒன்று வைத்தது. கன்னத்தில் இரண்டு வைத்தது. நாடியில் ஒன்று வைத்தது. கண்ணும் மூக்கும் வாயும் இல்லாத அந்த முகத்தில், மேல்நோக்கி, வட்டம் வட்டமாக, மெதுவாக, நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தார். வேல்கனியின் வெள்ளை முகத்தைப் பார்த்தார். போர்வைக்கு வெளியே கிடந்த கறுத்த கையைப் பார்த்தார்.

"என்னம்மா பூசுறா?" என்றார்.

சந்தனக்கனி இடுப்பைப் பொத்திக்கொண்டாள். ஏரல்காரர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் கொஞ்சம்தான். டப்பாவை எடுத்துக் கொடுத்தால் தங்கபுஷ்பத்தையும் சேர்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் அவள் கையைப் பிடித்தது. கட்டிலில் வேல்கனி இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். நிறம் தேய்த்துக்கொண்டே இருந்தது. "போதும் தாயி, நிறுத்து" என்று அதனிடம் சொல்லிவிட்டு, சந்தனக்கனி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பாதரசம் என்று வந்தது. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை.

"தோல்ல நிறம் ஊறுறதை இது நிறுத்திடும், அதனாலதான் வெளுக்குது" என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "அப்புறம் தோல் வழியா உள்ள இறங்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடம்புச் சத்தெல்லாம் நுரையா வெளிய போயிடும். இன்னையோட நிறுத்துங்க, மருந்து குடுக்கிறேன். நிறுத்தினா நிறைய பேரு தேறிடுறாங்க."

"நிறுத்தாம செத்துப் போனவங்க?" என்று கேட்டாள் சந்தனக்கனி.

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "வேற யாரு இதைப் பூசுறாங்க?" என்றார்.

"எல்லாரும்மா. நாந்தான் நடுவுல வச்சேன்."

மறுநாள் காலை, கஞ்சி நேரத்தில், சந்தனக்கனி அளத்துக்கு வந்தாள். வேலைக்கு வரவில்லை, நேராக வட்டத்துக்கு வந்தாள். பச்சை மூடி டப்பாவை, வழக்கப்படி, நடுவில் வைத்தாள். உட்காரவில்லை. பாதரசம் என்ற வார்த்தையைச் சரியாகச் சொல்ல இரண்டு தடவை முயன்றாள். என் மகளுக்கு இதனால்தான், புஷ்பத்துக்கும் இதனால்தான், புஷ்பம் செத்தபோதே எனக்கு மனசில் பட்டது, பட்டும் சொல்லவில்லை, சொல்லாமல் இன்னும் இரண்டு மாதம் உங்களைப் பூசவிட்டேன் என்று சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் எழுந்து அவள் கன்னத்தில் அறைந்தேன். இன்னொரு அறையை என் கன்னத்திலும் விட்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் மஞ்சளும் பயத்தமாவும் என்று அவள் சொன்னபோது வாயை மூடிக்கொண்டு நின்ற ஆள் நான்தானே. எல்லோரும் கத்தினோம், ஏசினோம், ஒருத்தி கஞ்சிச் சட்டியை டப்பாவின் மேல் கவிழ்த்தாள். பிறகு சத்தம் தானாக அடங்கியது. திரும்பிப் பார்த்தால் பாத்திகளில் நிறங்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தன. வேல்கனியினது ஆஸ்பத்திரியில் நிற்க, அந்த வெள்ளை வெளியில் மீதிப் பத்துப் பேர், பலகையை ஊன்றிக்கொண்டு.

அன்றைக்குச் சாயந்தரம் நான் அடுப்படியிலிருந்து முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். "உள்ள வா" என்றேன். உடனே வந்துவிடவில்லை. ரோஷக்காரி. முதலில் நிலைப்படி வரை வந்தாள், நாலு நாள் கழித்து அடுப்பு வரை வந்தாள், ஆவணி கடைசியில் ஒருநாள் கண்ணாடி பார்த்தபோது காதோரத்தில் செங்கல் நிறம் ஒரு விரல் அகலத்துக்கு வந்திருந்தது. நான் உட்கார்ந்து அழுதேன். எல்லார் வீட்டிலும் அப்படித்தான், திட்டுத் திட்டாக, கோபித்துக்கொண்டு போனவள் ஒவ்வொரு சாமானாகத் திரும்பக் கொண்டுவந்து வைப்பதைப் போல வந்தார்கள். எங்களுக்கும் மருந்து கொடுத்தார்கள். ஒருத்திக்கு இன்னும் கால் வீக்கம் முழுசாக வற்றவில்லை.

ஏரல்காரர்கள் போன் பண்ணி, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்றார்கள். வேல்கனி கட்டிலில் சாய்ந்தபடியே அம்மாவிடமிருந்து போனை வாங்கி, "சரி அத்தை. என் வெளுத்த போட்டோ ஒண்ணு உங்ககிட்ட இருக்கு, அதைத் திருப்பி அனுப்பிருங்க, அந்தப் பிள்ளை நான் இல்லை" என்று சொல்லி வைத்தாள். புரட்டாசியில் அவள் கால் வீக்கம் வடிந்தது. ஐப்பசி முதல் மழை அன்று அவளுடைய கருப்பட்டி நிறம் கழுத்திலிருந்து நெற்றி வரை முழுசாக வந்து சேர்ந்தது. சந்தனக்கனி மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, பிடித்தபடியே நெடுநேரம் இருந்தாளாம்.

பத்து நிறங்கள் வீடு திரும்பின. தங்கபுஷ்பத்தின் நிறம் மட்டும் மிச்சம்.

மழை பிடித்து அளத்தில் வேலை நின்ற பிறகும் அது தினமும் வந்தது. உப்பு இல்லாத பாத்தியில், தண்ணீரில், பலகையை இழுத்துக்கொண்டிருந்தது. சாயந்தரம் போய் சேர்மத்துரையின் வாசலில் சுவரைப் பார்த்து நின்றது. மழையில் நனையவில்லை, ஆனாலும் அது மழையில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

ஒருநாள் அவன் சந்தனக்கனியைத் தேடி வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நாங்கள் எல்லோரும் அவள் வீட்டு முன்னால் கூடினோம். அவன் கத்தவில்லை.

"நானும் உள்ள வா, உள்ள வான்னு கூப்பிடுதேன் யக்கா" என்றான். "உங்க எல்லாருக்கும் வந்துருச்சு. அவ வரமாட்டேங்கா. வந்தாலும் எதுக்குள்ள வருவா, நீங்களே சொல்லுங்க. உடம்பைத்தான் நான் குழியில வச்சுட்டனே." நனைந்த துண்டைப் பிழிந்தான். "தண்ணி கேட்டா யக்கா. அளந்துதான் குடுக்கணும்னாங்க. நானும் அளந்துதான் குடுத்தேன்."

சந்தனக்கனி எழுந்தாள். தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, மழையில், அளத்துக்கு நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். புளி நிறம் அதன் பாத்தியில் நின்றது. இவள் இறங்கி அதன் எதிரே போய் நின்றாள். அந்த டப்பாவை எங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் ஒருநாளும் தொடாதவள் அவள், எனக்கு இனி யார் மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள் என்று சிரிப்பாள். அந்தத் தொடாத முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"எம் மேல வா புஷ்பம்" என்றாள். "எனக்குள்ள இடம் இருக்கு."

நிறம் பலகையைக் கீழே போட்டது. ஓரடி வைத்தது. இன்னொரு அடி வைத்தது. பிறகு பாத்தியில் சந்தனக்கனி மட்டும் நின்றாள், முன்னைவிட ஒரு ஆள் அளவு கறுத்து. கரையேறும்போது அவளுக்குக் கால் கனத்தது, நாங்கள் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிற நேரத்தில் சந்தனக்கனியின் கால் அவளைக் கேட்காமல் சேர்மத்துரை வீட்டுக்கு நடக்கிறது. மகள் கூப்பிட்டால் நிற்பதில்லை. வாசலில் போய், சுவரைப் பார்த்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்கிறாள். முதல் நாள் அவன் கதவைத் திறந்து பார்த்தபோது நான் எதிர்ச் சாரியில் நின்றிருந்தேன். அவன் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல், கழுத்திலும் மாரிலும் வழிய வழியக் குடித்தாள். செம்பு காலியானதும் நீட்டினாள்.

"இன்னும் ஒரு வாய்" என்றாள்.

சேர்மத்துரை உள்ளே ஓடி, குடத்தோடு தூக்கிக்கொண்டு வந்தான்.